மாநக்கவாரக் கடல்வழியில் பணிவுரை: சீனத் தூதுமொழியும் தமிழும்

முன்னுரை

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் வங்கக் கடலின் கீழ்ப்பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. பெரிய நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமத்திராத் தீவு ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகச் சீனம் சென்ற கலங்களுக்கும், அங்கிருந்து மேற்கு நோக்கி வந்த கலங்களுக்கும் இத்தீவுகள் வழிக்குறியாக விளங்கின. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை வரிசைப்படுத்துகையில் மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. இது நிக்கோபார்த் தீவுகளே என்பது அறிஞர் பலரும் ஏற்ற முடிபு.

இதே கடல்வழியில் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீனத்துச் சொங் அரசவையை அடைந்தன. அவற்றைப் பற்றிய செய்திகள் 1345இல் தொகுத்து முடிக்கப்பெற்ற சொங் மரபின் வரலாற்று நூலில் உள்ளன. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் இவற்றை எடுத்தாண்டுள்ளார். நொபுரு கராஷிமாவும் தான்சேன் சென்னும் சோழர் தொடர்பான சீனக் குறிப்புகளை மொழிபெயர்த்து 2009இல் வெளிவந்த தொகுப்பொன்றில் இணைத்துள்ளனர். இக்குறிப்புகளைப் படிக்கும் தமிழ் வாசகர் ஓரிடத்தில் திகைத்து நிற்க நேர்கிறது. தஞ்சையில் உலகை ஆள்பவனாகப் பேசும் சோழன், சீனத்து ஏட்டில் தன்னைப் பூச்சியாகவும் புல்லாகவும் தாழ்த்திக்கொண்டு பேசுகிறான். இவற்றுள் எது உண்மைக் குரல் என்னும் வினா எழுகிறது. ‘சீனர் பொய்யாக எழுதினர்’ என்பதும், ‘சோழர் பணிந்தனர்’ என்பதும் எளிதில் தோன்றும் விடைகள். இரண்டும் மொழிபெயர்ப்பு என்னும் செயலைக் கணக்கில் கொள்ளாதவை. தூதுமொழியின் பணிவு அனுப்பியவனுடையது அன்று, அதைப் பெறும் அவையின் வடிவத்துக்கு உரியது என்பதையும், அவ்வடிவமாற்றத்தால் விளைந்த பயனையும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல் காட்டும் படிநிலை

பணிவைச் சொல்லின் வழியே வகைப்படுத்தும் சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒன்றைத் தருமாறு கேட்கும் சொற்களே. எனினும் இழிந்தோன் கேட்கும்போது ஒன்றும், ஒத்தோன் கேட்கும்போது மற்றொன்றும், உயர்ந்தோன் கேட்கும்போது வேறொன்றும் வரும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியல் வகுக்கிறது. பொருள் ஒன்று, செயலும் ஒன்று. கேட்போனுக்கும் கொடுப்போனுக்கும் இடையிலுள்ள உயர்வு தாழ்வே சொல்லைத் தெரிவு செய்கிறது.

சீனத் தூதுமொழியின் அடிப்படையும் இதுவே. அயல்நாட்டிலிருந்து பேரரசனிடம் வரும் பொருளுக்குக் ‘கொங்’ என்பது பெயர். பேரரசனிடமிருந்து அயல்நாட்டுக்குச் செல்லும் பொருளுக்குரிய வினை ‘த்ஸு’. முன்னது கீழிருந்து மேலே ஏறுவது. பின்னது மேலிருந்து கீழே அருளப்படுவது. முன்னதைத் ‘திறை’ என்றும் பின்னதைப் ‘பரிசில்’ என்றும் தமிழில் பெயர்ப்பது வழக்கம். ஆயினும் தோற்றவன் செலுத்துவதே தமிழில் திறை எனப்படும். போரே நிகழாத, எவ்வகை ஆட்சித் தொடர்பும் இல்லாத நாட்டிலிருந்து வந்த வணிகப் பொருளுக்கும் சீன ஏடு கொங் என்றே பெயரிடும். ஆகவே கொங் அரசியல் நிலையைச் சுட்டுவதினும் அவையின் இலக்கணத்தையே மிகுதியும் சுட்டுகிறது எனலாம்.

தன்னைக் குறிக்கும் சொல்லும் முன்னிலைச் சொல்லும் இவ்வாறே அமைகின்றன. சீனப் பேரரசனுக்கு எழுதுவோன் தன்னைச் ‘சென்’ என்பான். அடிமை, குடிமகன், அமைச்சன் ஆகிய பொருள்கள் அச்சொல்லில் கலந்துள்ளன. அரசனைச் சுட்டும் ‘பீசியா’ என்னும் சொல்லுக்கு ‘அரியணைப் படிகளின் கீழே’ என்பது நேர்ப்பொருள். அரசனை நேரே விளிக்க அஞ்சிப் படியடியில் நிற்போரை நோக்கிப் பேசும் பாவனை அது. அடியேன், திருவடி, சந்நிதானம் என்னும் வழக்குகளை அறிந்த தமிழருக்கு இப்பாவனை அயலானதன்று. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அடியேன் என்னும் சொல்லைத் தமிழ் வேந்தன் இறைவன்முன் கூறுவான். மற்றொரு வேந்தன்முன் கூறான்.

இராசராசனின் மடல்

இராசராசன் காலத்தில் புறப்பட்ட தூதுக்குழு 1015இல் சொங் அரசவையை அடைந்தது. வழிப்பயணம் 1,150 நாள் எனச் சீன ஏடு குறிக்கிறது. தூதர் வந்து சேர்ந்தபோது இராசராசன் மறைந்து, இராசேந்திரன் ஆட்சி தொடங்கியிருந்தது. முத்து 21,100 லியாங் எடை, யானைத் தந்தம் 60, குந்துருக்கம் 60 சின் எடை ஆகியவை கொண்டுவரப்பெற்ற பொருள்களுள் அடங்கும்.

உடன் வந்த மடலில் மன்னன் தன்னைச் சென் என்றே குறிக்கிறான். தான் புளிக்காடிச் சாடியில் மொய்க்கும் சிறுபூச்சி போல்பவன் என்றும், வைக்கோல் நாயைப் போல இழிந்தவன் என்றும் கூறுகிறான். இவ்விரு உவமைகளும் கருதத்தக்கவை. காடிச் சாடிப் பூச்சி சுவாங்சுவின் நூலில் வருவது. பேரறிவின்முன் தன் அறியாமையை உணர்ந்த கன்பூசியசு தம்மை அதனோடு ஒப்பிடுவதாக அந்நூல் அமைத்துள்ளது. வைக்கோல் நாய் லாவோசுவின் நூலில் வருவது; வேள்விக்கென முடையப்பட்டு, வேள்வி முடிந்ததும் எறியப்படும் பொம்மை அது. சீனக் கல்வியில் தோய்ந்தவனுக்கே இவை கைவரும். தஞ்சையில் இருந்த ஓலைநாயகம் இவ்வுவமைகளை எழுதியிருக்க இயலாது.

மற்றொரு சான்றும் உண்டு. பத்தாண்டுகளாகக் கடலில் பெருங்காற்றும் அலையும் எழவில்லை என்றும், அவ்வாறானால் சீனத்தில் சான்றோன் ஒருவன் தோன்றியிருப்பான் என்று முதியோர் கூறுவர் என்றும் சோழநாட்டுத் தூதர் உரைத்ததாக அவ்வேடு சொல்கிறது. சோழநாட்டு முதியோர் வாக்காகத் தோன்றும் இது உண்மையில் பழஞ்சீன மரபுரை. சௌ மரபுக் காலத்தில் தென்கோடியிலிருந்து யுவேசாங் மக்கள், பல மொழிபெயர்ப்பாளர் வாய்வழி மாறி மாறிச் செய்தி கடத்தி, சீனத்தை அடைந்தனர் என்றும், காற்றும் அலையும் அடங்கியதைக் கண்டு அங்கே சான்றோன் உளன் என அறிந்ததாகக் கூறினர் என்றும் ஆன் மரபுக் காலத்து நூலில் ஒரு கதை உண்டு. தொலைவிலிருந்து வருவோர் கூறவேண்டிய சொல் என்று அது நெடுங்காலத்துக்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. சோழத் தூதரின் வாயில் அது பின்னர் வைக்கப்பட்டது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டில் இதே இராசராசன் பேசும் முறை வேறு. கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிடும் அங்கே அவன் தன்னை ‘நாம்’ எனக் குறிக்கிறான். தன் தமக்கையை ‘நம் அக்கன்’ என்கிறான். ‘நாம்’ சீனத்தை அடைந்தபோது ‘சென்’ ஆயிற்று. இடையில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர். மூல மடல் எம்மொழியில் இருந்தது என்பதற்குச் சான்று எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது சீன வடிவம் மட்டுமே. அதிலிருந்து சோழன் மனநிலையை உய்த்துணர முற்படுவது, நாடகப் பாத்திரத்தின் கூற்றை ஆசிரியன் கூற்றாகக் கொள்வதை ஒக்கும்.

உடல் உரைத்த பணிவு

சொல் மாறினும் உடலின் மொழியைத் தூதர் தாமே நிகழ்த்தினர். 1015இல் அவர்கள் முத்தையும் பளிங்கையும் தட்டில் ஏந்தி ஏறிச் சென்று அரியணைமுன் பரப்பினர். பின் இறங்கி வணங்கினர். அப்போது மொழிபெயர்ப்பாளர், தொலைநாட்டார் சீனப் பண்பாட்டின்பால் கொண்ட விருப்பத்தின் உண்மையை இதனால் காட்ட விழைகின்றனர் என எடுத்துரைத்தார். இப்பகுதியில் மொழிபெயர்ப்பாளர் பெயரின்றி எனினும் வெளிப்படையாகத் தோன்றுவது அரிய நிகழ்ச்சி. செயல் தூதருடையது, அதன் பொருள் மொழிபெயர்ப்பாளருடையது.

1033இல் வந்த தூதர் பொன் மையால் எழுதிய மடலைக் கொண்டுவந்தார். பலமுறை புறப்பட்டும் கடற்காற்றால் கலம் உடைந்து வந்தடைய இயலாமற் போனதைக் கூறி, மண்டியிட்டு அரியணையடியில் முத்துகளைத் தூவ இசைவு வேண்டினார். 1077இல் வந்த 27 பேர் கொண்ட குழுவின் தலைமைத் தூதரும் துணைத்தூதரும் முத்தையும் கற்பூரத்தையும் மண்டியிட்டுத் தூவினர். சீன ஏடு இச்செயலுக்கு ‘அவையில் தூவுதல்’ எனத் தனிப்பெயரே தருகிறது. தம் வழக்காயின் தனியே பெயரிட்டு விளக்க வேண்டியதில்லை. எனவே சோழத் தூதர் தம்மோடு கொண்டுவந்த மரியாதை முறையே இது எனலாம். கோயிலிலும் மணவிழாவிலும் மலரும் மணியும் தூவிப் போற்றும் மரபினர்க்கு இது போற்றுதல்; பார்த்திருந்த சீன அவையினர்க்கு இது பணிதல். ஒரே செயலை இரு அவையும் தத்தம் இலக்கணத்தால் படித்தன, இருதரப்பும் நிறைவடைந்தன. 1077இல் மன்னனுக்கு மறுகொடையாகச் செப்புக்காசு 81,800 கோவையும் வெள்ளி 52,000 லியாங்கும் அனுப்பப்பெற்றன. பணிவுரை வணிகத்தின் திறவுகோலாக அமைந்தமை இதனால் புலப்படும்.

தாளின் தரம்

பணிவுரையின் மறுபக்கம் 1106இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பாகான் நாட்டுத் தூதர் வந்தபோது, அவர்களுக்குச் சோழத் தூதர்க்குச் செய்த முறையிலேயே மரியாதை செய்யுமாறு பேரரசர் முதலில் ஆணையிட்டார். அரசுச் செயலகம் அதை மறுத்தது. சோழநாடு சிறீவிசயத்துக்கு அடங்கியது. ஆகவே முன்னைய ஆட்சிக்காலத்தில் அதற்கு அனுப்பிய ஆணைமடல் எளிய தாளில் எழுதப்பட்டு எளிய உறையிடப்பட்டது. பாகானோ பெருநாடு, அதைச் சிற்றரசாகக் கருதலாகாது. அராபியர், அன்னம் ஆகியோர்க்குரிய பொற்பூ வேலைப்பாடமைந்த பட்டுத்தாளும் பொன்முலாம் பூசிய பூட்டமைந்த பேழையும் பாகானுக்கு வேண்டும் என்பது செயலகத்தின் வாதம்.

இங்கே மரியாதை சொல்லில் மட்டுமின்றித் தாளிலும் உறையிலும் பூட்டிலும் அளக்கப்படுகிறது. அவ்வளவை செய்தியளவில் முழுப்பிழை. 1025ஆம் ஆண்டளவில் சிறீவிசயத்தை வென்று அதன் மன்னனைச் சிறைபிடித்ததாகவும், மாநக்கவாரம் உள்ளிட்ட இடங்களைக் கைக்கொண்டதாகவும் சோழர் கல்லில் பொறித்திருந்தனர். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் சீனச் செயலகத்துக்கு அது தெரியவில்லை. சொங் வரலாற்றின் சோழநாட்டுப் பகுதியிலும் அப்படையெடுப்பு இடம்பெறவில்லை. கடல்வழியின் இடையில் இருந்த சிறீவிசயமே தனக்கு ஏற்றவாறு செய்தி தந்திருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் சிலரின் கருத்து. எவ்வாறாயினும், அச்செய்தியை மறுக்கத்தக்க சொல் ஒன்றும் சோழர் பெயரில் சீன ஏட்டில் இல்லை. இருந்தவை பூச்சியும் வைக்கோல் நாயும் மட்டுமே.

திருக்குறளின் தூது அதிகாரம், தன் அரசனுக்கு வடு உண்டாக்கும் சொல்லை வாய்சோர்ந்தும் கூறாதவனே தூதன் என வரையறுக்கிறது. அவ்வளவுகோலால் 1015இன் மொழிபெயர்ப்பாளரை மதிப்பிடுவது எளிதன்று. மெய்க்கீர்த்தியின் வெற்றிப் பட்டியலை அவர் அப்படியே பெயர்த்திருப்பின் அவைக்கதவு திறந்திராது. முத்தும் தந்தமும் துறைமுகத்திலேயே நின்றிருக்கும். தூதை நிறைவேற்றிய அளவில் அவர் வென்றார். ஆனால் அன்றைய அவைக்கு ஏற்ற சொல் ஆவணமாகி, தொண்ணூறு ஆண்டு கழித்து வேறொருவர் கையில் தரநிர்ணயச் சான்றாகப் பயன்படும் என்பதை அவர் எண்ணியிருக்க முடியாது. பேச்சில் பணிவு நிகழ்ந்து மறையும்; ஏட்டில் அது படிநிலையாக உறைந்துவிடும்.

காலிக் கல்வெட்டு

எதிர்த்திசைப் பெயர்ப்புக்குச் சான்று இலங்கையில் கிடைக்கிறது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு, செங் ஹேயின் கடற்படையால் கொண்டுவரப்பட்டது, 1409ஆம் ஆண்டுக்குரியது. அதன் சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி இசுலாமிய இறைமரபையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் பெரிதும் ஒத்துள்ளது.

சீனப்பகுதியில் மிங் பேரரசர் புத்தர்முன் பணிந்து பேசுகிறார். ஆனால் அயல்நாட்டாரைக் குறிக்குமிடத்தில் அவர்களுக்குத் தம் ஆணையை அறிவிக்கத் தூதர் அனுப்பப்பெற்றதாகக் கூறுகிறார். தெய்வத்துக்குப் பணிவு, அயலார்க்கு ஆணை என்னும் இருநிலை அதில் உண்டு. தமிழ்ப்பகுதி சீன மன்னனை அரசர்க்கரசன் என்றும் முழுமதி என்றும் புகழ்ந்து, இறைவன் புகழைக் கேள்வியுற்றுக் காணிக்கை அனுப்பியதாகத் தொடங்குகிறது. இது தமிழ்க் கொடைக் கல்வெட்டுக்கு உரிய நடை. இராசராசன் மடல் சீன வடிவம் கொண்டதைப் போலவே யோங்லெ பேரரசரின் அறிக்கை தமிழ் வடிவம் கொண்டது. நானூறு ஆண்டு இடைவெளியில் இரு மொழிபெயர்ப்பாளரும் ஒரே நெறியைப் பின்பற்றியமை காணலாகிறது: சொல்லைப் பெயர்க்காமல், கேட்போர் அறிந்த மரியாதை வடிவத்தைத் தேர்ந்து அதற்குள் செய்தியை அமைத்தல்.

இந்நயத்தை மட்டும் கண்டு இக்கல்லை நல்லிணக்கச் சின்னமாகக் கொள்வதும் குறையுடையதாகும். இக்கல்லைக் கொண்டுவந்த அதே படை இலங்கையில் அழகக்கோனாரோடு போரிட்டு, அவரைச் சிறைப்பிடித்து 1411இல் சீனத் தலைநகருக்குக் கொண்டுசென்றது. தெய்வங்களுக்கு மும்மொழியில் பணிவுரை கூறியவர்களே மனிதரிடம் படைக்கலத்தால் பேசினர்.

ஆடையற்றோர் நாடு

இப்பின்னணியில் மாநக்கவாரத்துக்குத் திரும்பினால் மற்றோர் உண்மை தெளிவாகிறது. இவ்வழியே வந்தோர் பலரும் இத்தீவினரைப் பற்றி எழுதினர். அவர்களை நோக்கி எழுதியவர் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் பௌத்தத் துறவி இத்சிங், கடாரத்திலிருந்து வடக்கே பத்து நாளுக்கு மேல் கலஞ்செலுத்தி ‘ஆடையற்றோர் நாட்டை’ அடைந்ததைக் கூறுகிறார். நூற்றுக்கு மேற்பட்ட சிறுபடகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பு மூங்கிற் பொருள்களும் கொண்டுவந்த மக்கள் இரும்பை மட்டுமே விரும்பினர். இருவிரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கொடுத்தனர். விலை வரையறுத்துப் பண்டமாற்றுச் செய்த இம்மக்களுக்கு அவர் ஏட்டில் கிடைத்த பெயர் ஆடையின்மையே. ‘நக்கவாரம்’ என்னும் தமிழ்ப் பெயரையும் ஆடையின்மை குறிக்கும் ‘நக்கம்’ என்னும் சொல்லோடு பொருத்திப் பொருள் கூறுவோர் உளர். அவ்விளக்கத்தை ஏற்பின், சீனரும் தமிழரும் இத்தீவினரிடம் ஒரே குறையையே கண்டு பெயரிட்டனர் என்றாகும்.

செங் ஹேயின் பயணங்களில் உடன்சென்ற மா ஹுவான் இக்கடற்பகுதியின் மலைகளைக் குறிக்கையில் அந்தமான் என்னும் பெயரைத் தருகிறார். புத்தர் நீராடுகையில் அவருடைய ஆடையைத் திருடியதால் பெற்ற சாபமே மக்களின் ஆடையின்மைக்குக் காரணம் என்னும் கதையையும் பதிவுசெய்கிறார். மா ஹுவானின் பணி மொழிபெயர்ப்பு என்பது நினையத்தக்கது. அரசவைகளில் மொழிக்கு மொழி மரியாதையைக் கொண்டுசேர்த்தவர், தமக்கு மொழி தெரியாத மக்களைக் கண்டபோது பழங்கதையொன்றைக் கொண்டு இடைவெளியை நிரப்பினார். அரியணையும் எழுத்தரும் இல்லாத மக்களுக்குத் தூதுமொழியின் இலக்கணத்தில் இடமில்லை.

தமிழிலக்கியத்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் உடைந்து கரையொதுங்கிய சாதுவன் ஆடையற்ற நாகர் வாழும் மலைநிலத்தை அடைகிறான். அத்தீவு நிக்கோபாராக இருக்கலாம் என்பது ஊகமே. கதைக்கு அது இன்றியமையாததும் அன்று. அவனைக் கொன்று உண்ண வந்தோர் நிற்கக் காரணம், அவன் அவர்கள் மொழியை ஐயமறக் கற்றிருந்தமை. அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் தன் முறைப்படி விருந்தோம்பக் கள்ளும் ஊனும் இளமங்கையும் தர முற்படுகிறான். சாதுவன் அவற்றை மறுக்கிறான். மறுத்ததற்கான காரணத்தைத் தலைவன் கேட்க, அவன் மொழியிலேயே அறம் எடுத்துரைக்கிறான். காவியத்தின் நோக்கம் பௌத்த அறம் பரப்புதல் என்பதும், அதனால் நாகர் திருத்தப்பட வேண்டியோராகவே காட்டப்படுகின்றனர் என்பதும் உண்மை. எனினும் அங்கே தலைவனுக்கு வினவும் உரிமை உண்டு. விடை அவன் மொழியில் வருகிறது. சீன ஏட்டிலும் சோழர் கல்லிலும் தீவினர்க்குக் கிடைக்காத முன்னிலை இடம் காவியத்தில் கிடைக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. சீனத் தூதுமொழியின் பணிவுரை, பேசுவோன் உள்ளத்தைக் காட்டுவதன்று. அவையின் படிநிலையைக் காட்டுவது. எனவே கொங் என்பதைத் திறை என ஒற்றைச் சொல்லால் பெயர்த்து, அதிலிருந்து அரசியல் அடிமைநிலையைக் கொள்வது பொருந்தாது. அவைக்கு அளிக்கும் பொருள் என்னும் பொருளில் ‘அவைக்கையுறை’ என்பது போன்ற சொல் பொருத்தமாகலாம்.

இராசராசன் மடலும் காலிக் கல்வெட்டும் காட்டுவது ஒரே நெறி: இருதரப்பும் தத்தம் மரியாதையையே கேட்குமாறு அமைத்தல். அந்நெறி உறவை வளர்த்தது, வணிகத்தைப் பெருக்கியது. ஆனால் அனுப்பியவன் அறியாமலே அவன் நிலையை வரையறுத்தும் வைத்தது. 1106இன் தாள் அதற்குச் சான்று.

அந்நெறி அரசவைகளுக்கிடையில் மட்டுமே இயங்கியது என்பது இறுதியாகக் கருதத்தக்கது. இரு பேரரசுகளும் ஒன்றற்கொன்று மரியாதை பரிமாறிக்கொண்ட அதே கடல்வழியில், வழிநடுவே வாழ்ந்தோர்க்குப் பெயர் மட்டுமே இடப்பட்டது. மாநக்கவாரத்தை வெற்றிச் சொல்லாக மட்டும் போற்றும் தமிழாய்வு, அத்தீவு மக்கள் தம் மொழிகளில் தம்மையும் தம் நிலத்தையும் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் கேட்டறிய வேண்டும். சாதுவன் கற்றிருந்த மொழிக்கு அத்தகைய கேள்வியே தொடக்கமாக இருந்திருக்கும்.